மூன்றாம் பந்திக்கு ஒரு திருத்தம்

மகள்,

உன் கட்டுரை திங்கட்கிழமை பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. மேலே ஒரு துண்டு செருகியிருந்தாய்: “அப்பா, இது சிறு புத்தகமாக வரப்போகிறது. கையில் அதிகம் காசில்லாத பிள்ளைகள் வீட்டிலேயே பாட்டுப் பதிவுசெய்யத் தொடங்குவது எப்படி என்று எழுதியிருக்கிறேன். முப்பது வருடம் மற்றவர்களுடைய பிழையைத் திருத்தியவர் நீங்கள். இதையும் ஒருக்கால் பாருங்கோ.” சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா என் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் தந்தார். விறாந்தையில் கதிரையைப் போட்டு, சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். முதல் இரண்டு பந்திகளிலும் நாலு எழுத்துப் பிழைகள். மூன்றாம் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பேனையை மூடி வைத்தேன்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு ஆட்களும் வாசிக்கப்போவதால், அந்தப் பந்தியை இங்கே அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்.

“எனக்குப் பதினைந்து வயதில் வெற்றுக் கசற் வாங்க வழியில்லை. அப்பா பத்திரிகை நிருபர். அவருடைய பழைய கசற்றுகள் அம்மாவின் சேலை அலுமாரிக்குள் இருந்தன. கசற்றின் மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் தகட்டை அப்பா உடைத்துவிடுவார். உடைத்தால் அதற்கு மேல் பதிய ஏலாது. ஆனால் அந்தத் துளையில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும், பதியலாம்! ஒன்றில் ‘பஜனை’ என்று எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தேன். பஜனை இல்லை, யாரோ ஒரு அம்மாவின் பேட்டி. பேட்டிதானே, பேப்பரில் வந்திருக்கும் என்று அதன் மேல் என் முதல் பாட்டைப் பதிந்தேன். கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் துடைத்து வெறுமையாக்கி, ஒட்டுத்தாளை உரித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்பாவுக்கு இன்றைக்கும் இது தெரியாது.”

இப்போது தெரியும். அந்தக் கசற்றை அழித்தவர் லத்தீப் நானா என்று பன்னிரண்டு வருடமாக நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, ஊருக்கும் சொன்னேன். ஒரு மனிதரின் பெயரை நான் கெடுத்தேன். அது பொய் என்று தெரிந்த ஒருத்தி என் வீட்டிலேயே, என் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் சுருக்கமாகச் சொல்லித்தான் நான் முதலில் கெட்டேன். அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன். நீ கேட்டபடி உன் கட்டுரையையும் திருத்திக்கொண்டே போகிறேன்.

“முதலில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள்” என்று தொடங்கியிருக்கிறாய். பிழை. முதலில் அறையைக் கேட்க வேண்டும். பாடப்போகும் அறையின் கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஒருவரும் பேசாமல் ஐந்து நிமிடம் பதிந்து, பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுப்பார். விசிறி சத்தம், குளிர்சாதனப் பெட்டியின் முனகல், பக்கத்து வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவுவது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். நம் வீடு உட்துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருந்தபடியால் படகு எஞ்சின் சத்தம் ஓயாது. காது அதைப் பழகி மறந்துவிடும். மைக் எதையும் மறக்காது. இதை எனக்குச் சொன்னவர் லத்தீப். எந்த விலைக்கு மைக் வாங்கினாலும் அது அறையையும் சேர்த்துத்தான் பதியும் என்பார். பேட்டி எடுக்கப் போகும் வீடுகளில் நானும் அதையே செய்தேன்: முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து அறையைக் கேட்பேன். நீ இதை எங்கே படித்தாய் என்று எழுதவில்லை. ஆறாம் பந்தியில் “அனுபவத்தில் கண்டுபிடித்தேன்” என்று இதையே ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். நான் வீட்டில் சொல்லி நீ கேட்டது அது. எனக்கு அவர் சொன்னது.

வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு லத்தீபைச் சொல்ல வேண்டும். மூதூர்க்காரர். திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் பள்ளிவாசல் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுவதும் அவரே. என் ரேப்றெக்கோடர் பழுதானால் அவரிடம்தான் போவேன். பழுதாகாவிட்டாலும் போவேன். பின்னேரங்களில் அவருடைய கடையின் மர வாங்கில் இருந்து கதைத்த கதைகளில் பாதிதான் நான் பத்திரிகைக்கு எழுதினேன். மீதியை எழுத முடியாத காலம் அது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்பேன்; என்னை அவர் “நிருபர் ஐயா” என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை கொஞ்சம், பகிடி கனக்க.

முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டச் சொல்கிறாய். அதுவும் வேண்டாம். பார்வைக்குப் பெரிய வேலைபோல இருக்கும், சத்தத்தை அதிகம் பிடிக்காது. துணிதான் பிடிக்கும். மெத்தையைச் சுவரில் சாத்தி வைக்கலாம். அதைவிட நல்லது, நிறையச் சேலை தொங்கும் அலுமாரியின் இரு கதவுகளையும் திறந்துவிட்டு அதற்குள் முகத்தை வைத்துப் பாடுவது. நீ அப்படித்தான் பாடினாய் என்று அம்மா இந்தக் கிழமைதான் சொன்னார். ஊரடங்குப் பகல்களில் நான் அனுமதிச் சீட்டோடு வெளியே போய்விடுவேன். ரேப்றெக்கோடரைச் சோதனைச் சாவடிக்கு ஊடாகக் கொண்டுபோனால் தொல்லை என்று குறிப்புப் புத்தகத்தை மட்டும் எடுத்துப்போவேன். தெருவில் ஒரு வாகனமும் ஓடாது, படகும் வெளிக்கிடாது. ஊர் முழுவதும் பயத்தில் வாய்மூடி இருக்க, பாட்டுப் பதிவதற்கு அதைப்போல நல்ல நேரம் இல்லை. உன் கட்டுரையில் இதை எழுதியிருக்கிறாய்: “ஊரடங்கே எனக்கு ஸ்ரூடியோ.” அந்த வரியை நான் வெட்டவில்லை. உண்மையான வரி.

அந்த அலுமாரிக்குள்தான் என் கசற்றுகள் இருந்தன. சுற்றிவளைப்பில் வீடு தேட வரும் படையினர் புத்தகத் தட்டைக் கொட்டுவார்கள், மேசை லாச்சியை இழுப்பார்கள். பெண்களின் சேலை அடுக்கில் கைவைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதனால் சேலைக்கு அடியில் வைத்தேன். உறையில் ‘பஜனை’ என்று எழுதினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. தெரியாத ஆளை அடித்துக் கேட்டாலும் சொல்ல ஏலாது என்பது என் கணக்கு. சோதிக்க வருபவனை ஏமாற்ற எழுதிய சொல் என் பிள்ளையையும் ஏமாற்றும் என்று நான் யோசிக்கவில்லை. அது என் முதல் பிழை. நீ அதை அழித்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை இரண்டாம் தரமும் வாசி. அழித்ததற்காகக் கோபம் இல்லை.

அந்தக் கசற்றில் இருந்தது நிலாவெளிப் பக்கத்து ஒரு பெண்ணின் குரல். அவருடைய கணவர் கரைவலை இழுக்கப் போன காலையில் கூட்டிச்செல்லப்பட்டவர், திரும்பவில்லை. யார் வந்தார்கள், எந்த வாகனம், அதன் நிறம் என்ன, கணவர் அன்றைக்கு உடுத்திருந்த சாரம் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு இடத்திலும் அழவில்லை. முடிவில் மட்டும், “இதை இப்ப எழுதாதேங்கோ. எனக்கு ரெண்டு பிள்ளையள். நான் கடல் தாண்டின பிறகு, கேக்கிறதுக்கு ஆரும் வந்தால் போட்டுக் காட்டுங்கோ” என்றார். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் படகில் இந்தியாவுக்குப் போய்விட்டார். எந்த முகாமில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. உன் கட்டுரையில் அவர் “யாரோ ஒரு அம்மா.” பேட்டி என்றால் பேப்பரில் வந்திருக்கும் என்று பதினைந்து வயதில் நினைத்தது சரி. பேப்பரில் வராத பேட்டிகளும் உண்டு என்று உனக்கு இருபத்தொன்பது வயதில் தெரியும்.

அந்தக் கசற்றை லத்தீபிடம் கொடுத்தேன். “ஒண்டுதான் இருக்கெண்டா அது கசற்றே இல்ல, நிருபர் ஐயா. ரெண்டா எடுத்து ரெண்டு வீட்டில வைங்க” என்று அவர்தான் சொன்னார். உன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ‘கணினியில் பதிந்ததை வேறொரு இடத்திலும் பிரதி வைத்திருங்கள்’ என்று இருக்கிறதே, அதே விசயம். அவருடைய இரட்டை இயந்திரத்தில் பிரதி எடுப்பதாகத்தான் பேச்சு. இயந்திரம் பழுது, உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார். இரண்டு கிழமை கழித்து, “ஏலாது போல இருக்கு, இத வீட்டில கவனமா வைங்க” என்று திருப்பித் தந்தார். அந்த இரண்டு கிழமைக்குள் அவருடைய கடையை ஒருமுறை தேடியிருந்தார்கள். நான் கசற்றை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேலைக்கு அடியில் வைத்தேன். போட்டுக் கேட்கவில்லை. எந்தப் பதிவும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வரும்போது முழுவதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த வரியை உன் புத்தகத்தில் சேர்த்துக்கொள். நான் ஏன் கேட்கவில்லை என்பதற்கு வேலைப்பளு என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். அது உண்மை இல்லை. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஊரடங்கு நாள் ஒன்றில் நீ அதை எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து, காணாமற்போனவர்களைப் பற்றிக் கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு விசாரணைக் குழு வந்தது உனக்கு நினைவிருக்கும். கேட்பதற்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கசற்றை எடுத்தேன். இரு பக்கமும் வெறுமை. அறைச் சத்தம்கூட இல்லாத வெறுமை. இங்கே உன் எட்டாம் பந்திக்கு வருகிறேன். மைக் குத்தும் துவாரத்தில் வயர் இல்லாத ஒரு வெறும் முளையைக் குத்திவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினால், உள்மைக் துண்டிக்கப்பட்டு, கசற் சுத்தமாக வெறுமையாகும் என்று எழுதியிருக்கிறாய். செய்முறை சரி. அதை எனக்குக் காட்டித் தந்தவர் லத்தீப். பழைய கசற்றைத் திரும்பப் பாவிக்கும்போது பழைய சத்தம் அடியில் கேட்காமலிருக்க ஒரு முளையும் தந்தார். ஆகவே, வெறுமையைக் கேட்டதும் என் மனம் நேரே அவரிடம் போனது. கசற் கடைசியாக யார் கையில் இருந்தது? லத்தீபின் கையில். இப்படி அழிக்க யாருக்குத் தெரியும்? லத்தீபுக்கு. யாருக்குப் பயம் இருந்தது? கடை தேடப்பட்ட லத்தீபுக்கு. மூன்றும் பொருந்திவிட்டன. அந்த முளை என் சொந்தப் பைக்குள், ரேப்றெக்கோடருக்குப் பக்கத்தில், என் வீட்டில் கிடந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நேரே கடைக்குப் போனேன்.

“நானா, இதில ஒண்டும் இல்லை.”

“ஒண்டுமில்லயா? நான் தரக்குள்ள இருந்திச்சே. ரெண்டு நிமிசம் போட்டுப் பாத்துத்தான் உறையில வச்சன்.”

“பிறகு என்னெண்டு போனது?”

“வீட்டில விசாரிச்சீங்களா?”

“என்ர வீட்டில ஆர் அழிக்கப்போகினம்?”

“அப்ப என்ட கடையில ஆரு அழிப்பா நிருபர் ஐயா, ரேடியோவா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “உங்கட கடையைத்தானே தேடினவங்கள். பயந்து அழிச்சிருந்தா சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்” என்றேன்.

சிரிப்பு நின்றது. “பயந்தன்தான். பயந்துதான் அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சன். பயந்தவனெல்லாம் அழிப்பானா?”

நான் வெளியே வந்தேன். அன்றிரவு சாப்பாட்டில் நான் பேசியதை நீ மறந்திருக்க முடியாது. லத்தீப் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றேன். அவரை அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா, “அவசரப்படாதேங்கோ, அந்த மனுசன் அப்பிடிச் செய்யாது” என்றார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: “அப்பா, துளையில ஒட்டுத்தாள் ஒட்டினா ஆராலும் அழிக்கலாம்தானே?”

“ஆராலும் ஏலாது. வேலை தெரிஞ்ச ஆளாலதான் ஏலும்” என்றேன்.

“ஓம்” என்றாய். எழும்பிப்போய்க் கை கழுவினாய்.

அந்தக் கேள்வியை இந்தக் கிழமை எத்தனை தரம் திருப்பிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பதினேழு வயதுப் பிள்ளை, ஒட்டுத்தாளைப் பற்றி, அந்த நேரத்தில் ஏன் கேட்க வேண்டும்? ஊர் முழுவதும் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். என் மேசையில் வந்து விழுந்த கேள்வியைக் கவனிக்கவில்லை. நீ சொல்ல வந்தாய், நான் வாயை அடைத்தேன் என்றுகூட இருக்கலாம். அந்த ஒரு இரவை நான் உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி விட்டுக்கொடுப்பது?

மூன்றாம் நாள் விசாரணைக் குழுவின் முன்னால், நிறைந்த மண்டபத்தில், பிரதி எடுக்கக் கொடுத்த ஆள் பயத்தில் அழித்துவிட்டார் என்று சொன்னேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன். கடையும் சொன்னேன். அவருடைய பக்கத்தைக் கேட்டீர்களா என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நிருபர் சொன்னால் விசாரித்துத்தான் சொல்வார் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு நாளில் ஆட்கள் திருத்தக் கொடுத்த ரேடியோக்களைத் திருத்தாமலே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கோயில் திருவிழாவுக்குப் பேசியிருந்த ஒலிபெருக்கி வேறு ஆளுக்குப் போனது. பிறகு ஒரு காலை, அவருடைய கடைக் கதவில் கரியால் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு முடிவுதான் இருந்தது. அவர் கதவைத் திறக்கவே இல்லை. கருவிகளை ஒரு அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு முதல் லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய்விட்டார். அவர் உயிரோடு இருப்பது அவருடைய வேகத்தால். எங்கள் இரண்டுபேரின் தயவும் அதில் இல்லை.

அந்தக் கதவைத் தாண்டித்தான் நீ தினமும் ரியூசனுக்குப் போனாய். கரி எழுத்து மழைக்காலம் வரும்வரை இருந்தது. நான் வீட்டில் லத்தீபைத் திட்டும்போதெல்லாம் நீ எழும்பி அடுத்த அறைக்குப் போவாய். பிள்ளைக்குச் சண்டைப் பேச்சுப் பிடிக்காது, மென்மையான மனம் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீ கொழும்புக்குப் படிக்கப் போகும்போது, ஆளை நம்பு, ஆனால் சரிபார்த்து நம்பு, லத்தீபை நம்பி நான் கெட்டதுபோல் கெடாதே என்று புகையிரத நிலையத்தில் சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினாய். எனக்கு நோவது அதுதான். நீ பேசாமல் இருந்தாய் என்பதையாவது பயம் என்று விளங்கிக்கொள்ளலாம். தலையை ஆட்டினாயே.

இவ்வளவையும் நான் நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. உன் பந்தி நிரூபிப்பது ஒன்றே ஒன்று: கசற்றை அழித்தது நீ. அது அந்தக் கசற்தான் என்று உனக்கு அந்த இரவில் விளங்கியதா, பிறகு விளங்கியதா, இன்றுவரை விளங்கவில்லையா என்பதை நான் அனுமானிக்கிறேன். ஒட்டுத்தாளும் தலையாட்டலும் பொருந்துகின்றன. அன்றைக்கும் மூன்று விசயங்கள் பொருந்தின. இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாது என்று எழுதிய பக்கத்தை அப்பாவுக்கே ஏன் அனுப்பினாய்? மறந்துபோய் அனுப்பினாயா? அல்லது நேரே சொல்ல வாய் வராமல், பகிடிபோல எழுதி, நான் கண்டுபிடிக்கட்டும் என்று அனுப்பினாயா? இரண்டில் எது என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மூதூருக்குப் போனேன். இப்போது சமாதான காலம் என்கிறார்கள். லோஞ்சில் பையை மட்டும்தான் திறந்து பார்த்தார்கள். லத்தீப் வீட்டு முன்னறையில் ரேடியோவும் ரீவியும் திருத்துகிறார். தாடி முழுக்க வெள்ளை. நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க நிருபர் ஐயா. என்ன, ரேடியோ பழுதா?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் பந்தியை வாசித்தும் காட்டினேன். அவர் கையிலிருந்த ஈயப் பற்றுவைப்பு வேலையை நிறுத்தவில்லை. முடித்து, புகையை ஊதிவிட்டுக் கேட்டார்.

“இத ஆரு ஆருக்கிட்ட சொல்லிட்டீங்க?”

“முதல் உங்களிட்டத்தான் நானா.”

“அண்டைக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டிச் சொன்னீங்க. இண்டைக்குக் காதுக்குள்ள வந்து சொல்றீங்க.”

“பிள்ளை பயந்திட்டாள் போல…”

“பயந்திருப்பா. புள்ளதானே. நானும் பயந்தன். பயந்த எனக்கு நீங்க என்ன பேரு வச்சீங்க?”

அவருடைய மனைவி உள்ளே இருந்து பிளேன்ரீ கொடுத்துவிட்டார். அவர் கோப்பையை என் பக்கம் தள்ளினார். “குடிங்க. இது மன்னிப்பு இல்ல. வெறும் பிளேன்ரீ.”

குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்ததும், “அந்தப் பொம்புள? அவட சங்கதி ஏதும்?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“அவட குரல் போனது போனதுதான். அத ஒங்களாலயும் ஏலா, என்னாலயும் ஏலா. என்ட பேரு அப்பிடி இல்ல. அத திருப்பி எழுதலாம்.” ஈயக்கோலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். “எழுதுங்க. மகள்ட புத்தகத்தில சின்னதா, கடைசியில நன்றி எண்டு போட்டு முடிக்காம, சனம் வாசிக்கிற மாதிரி எழுதுங்க.”

பத்திரிகையில் ஒரு முறை உண்டு. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அந்தப் பக்கத்தில் வரவேண்டும். நான் மண்டபத்தில் சொன்னேன்; அந்த மண்டபத்தை இனிக் கூட்ட ஏலாது. அதனால் இதை எழுதுகிறேன். உன் கட்டுரையின் மீதிப் பந்திகளைத் திருத்திவிட்டேன். பற்றரி பலவீனமாக இருக்கும்போது பதிந்தால் நாடா மெதுவாக ஓடும், பிறகு நல்ல பற்றரியில் போடும்போது குரல் கீச்சென்று கேட்கும் என்பதை நீ தலைகீழாக எழுதியிருந்தாய். நாடா உரசும் தலையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைப்பது பற்றிய பந்தி சரி. கணினிக்குப் புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கச் சொல்லியிருப்பதும் சரி. தன் பிழையைத் தானே கேட்க வேண்டும் என்றால் அதற்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். மொத்தத்தில் பிள்ளைகளுக்குப் பிரயோசனமான கட்டுரை. மூன்றாம் பந்தியில் நான் கைவைக்கவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அது வரவேண்டும்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி இன்றே உன் பதிப்பாளருக்கும் போகிறது. கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் இதைப் போடாவிட்டால், என் பத்திரிகையில் போடுவேன் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். நீ கோபப்படுவாய். அப்பா என்னை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சொல்வாய். சொல். அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று அப்போது உனக்கும் தெரியவரும். ஆனால் லத்தீபுக்கு நான் கொடுக்காத ஒன்றை உனக்குக் கொடுக்கிறேன். அச்சுக்குப் போக மூன்று கிழமை இருக்கிறது. இந்தக் கடிதத்தின் கீழே அரைப் பக்கத்தை உன் பதிலுக்காக விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் எங்கேயாவது பிழையாக எழுதியிருந்தால் அதிலே சொல். ஒட்டுத்தாளைப் பற்றி ஏன் கேட்டாய் என்று சொல். உனக்கு விளங்கவே இல்லை என்றால் அதையும் சொல். நான் நம்புவேன், உலகத்துக்கும் சொல்வேன். நீ எழுதுவதில் நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.

பதில் வராவிட்டாலும் புத்தகம் வரும். அரைப் பக்கம் வெறுமையாகவே அச்சாகும். முதல் பிரதியை மூதூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக லத்தீபிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா